சிங்கப்பூர் - நியூயார்க் இடைநில்லா வான்வழி

சிங்கப்பூர் - நியூயார்க் இடைநில்லா வான்வழி என்பது சிங்கப்பூரின் சாங்கி வானூர்தி நிலையத்தையும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி வானூர்தி நிலையத்தையும் இணைக்கும் பயணிகள் வான்வழி ஆகும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நிறுவனம் 2020 நவம்பர் 9 அன்று இச்சேவையைத் தொடங்கியபோது, எங்கும் இறங்காமல் செல்லும் பயணிகள் சேவைகளில் இதுவே உலகின் மிக நீண்டதாக அமைந்தது. தூரம் ஏறத்தாழ 15,349 கிலோமீட்டர். புவியில் இரு இடங்களுக்கு இடையே இருக்கக்கூடிய மிகக் கூடிய தூரமே சுமார் 20,000 கிலோமீட்டர்தான் என்பதை நினைவிற் கொள்க.

தூரக் கணிப்பு

கோளப் பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையேயான மிகக் குறுகிய வழி, அவற்றின் ஊடாகச் செல்லும் பெருவட்டத்தின் வில் ஆகும். இதைக் கணிக்கப் பொதுவாகக் கோள முக்கோணவியல் தேவைப்படும். இவ்விரு நிலையங்களுக்கோ எளிய கூட்டலே போதும். சாங்கி 104° கிழக்கு நெட்டாங்கிலும் கென்னடி நிலையம் 73.8° மேற்கு நெட்டாங்கிலும் உள்ளன. வேறுபாடு ஏறத்தாழ 178°. அதாவது, இவை புவியின் ஏறக்குறைய நேர் எதிர்ப் பக்கங்களில் இருப்பதால் குறுகிய வழி வட துருவத்தை ஒட்டியே செல்கிறது. சாங்கியின் அகலாங்கு 1.36° வடக்கு, அங்கிருந்து துருவம் 88.64°. கென்னடியின் அகலாங்கு 40.64° வடக்கு, துருவத்திலிருந்து 49.36°. இரண்டையும் கூட்டினால் 138°. ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் எனக் கொண்டால் 15,346 கிலோமீட்டர் கிடைக்கிறது. சுவரில் மாட்டிய தட்டையான உலகப் படத்தில் இவ்வழியைக் காண இயலாது. உலக உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்துப் பார்ப்பதே நல்லது.

பயண நேரம்

மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இத்தூரத்தைக் கடக்க 17 மணி நேரம் போதும். எனினும் அட்டவணைப்படி பதினெட்டரை முதல் பத்தொன்பது மணி நேரம் வரை ஆகிறது. ஓடுபாதைக்குச் செல்லும் நேரம் இதில் ஒரு சிறு பகுதியே. முதன்மைக் காரணம் காற்று. மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் தாரைக்காற்றைப் பயன்படுத்த, நியூயார்க் செல்லும் வானூர்திகள் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலின் மேலாகவும், திரும்புபவை பெரும்பாலும் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகவும் பறக்கின்றன. இரு திசையிலும் கிழக்கு நோக்கியே செல்வது விந்தையாகத் தோன்றினும், தூரம் கூடினாலும் எரிபொருள் மிஞ்சுகிறது.

குளிர்காலத்தில் சிங்கப்பூர் நேரம் 13 மணி நேரம் முந்தியிருக்கும். எனவே திங்கள் இரவு 10 மணிக்கு நியூயார்க்கிலிருந்து புறப்பட்டு 19 மணி நேரம் பறப்பவர் புதன் காலை 6 மணிக்குச் சாங்கியை அடைவார்.

எரிபொருளும் வரலாறும்

நீண்ட பயணத்தில், பின்னர் எரிக்கவேண்டிய எரிபொருளைச் சுமப்பதற்கே முதலில் பெருமளவு எரிபொருள் செலவாகிறது. இந்நிறுவனம் 2004 ஜூன் மாதத்தில் அருகிலுள்ள நியூவர்க் நிலையத்திற்கு ஏர்பஸ் ஏ340-500 மூலம் இத்தகைய சேவையைத் தொடங்கியது. நான்கு பொறிகள் கொண்ட அவ்வானூர்தி 2 இலட்சம் லிட்டருக்கு மேற்பட்ட எரிபொருளை ஏற்றக்கூடியது. 2008 இல் இருக்கைகள் 100 ஆகக் குறைக்கப்பட்டு, அனைத்தும் வணிக வகுப்பாக மாற்றப்பட்டன. எரிபொருள் விலையேற்றத்தை அதுவும் ஈடுகட்டவில்லை. 2013 நவம்பரில் சேவை நின்றது.

இரண்டே பொறிகள் கொண்ட ஏ350-900 யுஎல்ஆர் வந்தபின், 2018 அக்டோபர் 11 அன்று நியூவர்க் சேவை மீண்டும் தொடங்கியது. இதன் கொள்ளளவு 1,65,000 லிட்டர். 161 இருக்கைகளே உள்ளன. சாதாரண வகுப்பு கிடையாது.