"இதுவும் வட்டிதானே?" என்று கேட்கும் மாணவன்

இஸ்லாமிய வங்கி முஸ்லிம்களுக்கு மட்டும்தான் என்ற எண்ணம் நம்மவரிடமும் உண்டு, மற்றச் சமூகத்தாரிடமும் உண்டு. மலேசியாவைப் பார்த்தால் விஷயம் வேறு.

அங்கு 1983இல் பேங்க் இஸ்லாம் ஆரம்பமானது. 1993இல் ஏனைய வங்கிகளுக்கும் வட்டியில்லாச் சேவை நடத்த வழி திறந்தது. மாணவர்கள் விடயத்தில் இன்னுமொரு மாற்றம் வந்தது. அரசின் உயர்கல்விக் கடன் நிதியமான பிடிபிடிஎன், 3 வீத நிர்வாகக் கட்டணத்துக்குப் பதிலாக 2008இல் 1 வீத 'உஜ்ரா' முறையைக் கொண்டுவந்தது. உஜ்ரா என்றால் செய்த சேவைக்கான கூலி. சீன மாணவரும் தமிழ் மாணவரும் இந்த ஒப்பந்தத்தில்தான் கையெழுத்து வைக்கிறார்கள்.

ஏற்றுக்கொண்டார்கள், சரி. விளங்கிக்கொண்டார்களா? 3ஐ விட 1 குறைவு என்பது எவருக்கும் விளங்கும். முறாபஹா, முழாரபா, இஜாரா என்ற அறபுப் பெயர்களில்தான் தடக்குப்படுகிறது. பிறகு, "பெயரை மாற்றினால் வட்டி இல்லாமல் போகுமா?" என்ற கேள்வி வரும். கோபப்பட வேண்டியதில்லை, வியாபாரி கேட்கவேண்டிய கேள்விதான் அது.

கணக்கில் சொன்னால் விளங்கும். 1 இலட்சம் ரூபா தையல் இயந்திரத்தை வங்கி வாங்கி, 1 இலட்சத்து 20 ஆயிரத்துக்கு உங்களுக்கு விற்கிறது. மாதம் 10 ஆயிரம், 12 தவணை. இது முறாபஹா. விற்கும்வரை பொருள் வங்கியுடையது. அதற்குள் எரிந்தால் நட்டமும் வங்கிக்கே. பேசிய விலை பின்னர் ஏறாது. வட்டிக் கடனில் வங்கி பொருளைத் தொடுவதேயில்லை, பிந்தினால் வட்டி வளரும். அந்த 20 ஆயிரத்தை நிர்ணயிக்கும்போது சந்தை வட்டி வீதத்தையும் பார்க்கிறார்கள் என்பது உண்மை. அதை மறைத்தால்தான் சந்தேகம் கூடும்.

இன்னுமொன்று. மலேசியாவில் பாம் எண்ணெயை வைத்து நடக்கும் ஒரு முறை உண்டு. வங்கி எண்ணெயை வாங்கி வாடிக்கையாளருக்குத் தவணைக்கு விற்கும். உடனே அது இன்னொருவருக்குக் காசுக்கு விற்கப்படும். காசு வாடிக்கையாளர் கைக்கு வரும், எண்ணெயை அவர் கண்ணால் காணமாட்டார். மாணவன் சிரித்தால் அவனைக் குறைசொல்ல முடியாது. ஏற்பாடு செய்து நடத்தும் இந்தத் 'தவர்ருக்' கூடாது என்று சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும் 2009இல் தீர்மானித்தது. மலேசிய உலமாக்கள் அனுமதிக்கிறார்கள்.

நமது நாட்டில் 2005இன் வங்கிச் சட்டத் திருத்தம் கதவைத் திறந்தது, 2011இல் அமானா வங்கி வந்தது. நமது கடைக் கணக்கைப் பார்க்கும் சிங்களத் தம்பியும் இதே கேள்வியை ஒருநாள் கேட்பார். அவருக்குத் தையல் இயந்திரக் கணக்கைச் சிங்களத்திலேயே சொல்லுங்கள், அறபுப் பெயர் பிறகு வரட்டும்.