முகப்பைத் தாண்டி உள்ளே

சென்னையின் ராஜா அண்ணாமலைபுரம் யார் பெயரைத் தாங்கியிருக்கிறதோ, அந்த ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் (1881–1948) ஊர் செட்டிநாட்டின் கானாடுகாத்தான். வானம் பார்த்த பூமியான அந்த ஊரில் 1912-இல் அவருடைய அரண்மனை எழுந்தது. வரிசைத் தூண்களும் சுதை வேலைப்பாடும் நிறைந்த முகப்பு தெருவையே ஆள்கிறது. உள்ளே போக எப்போதும் அனுமதி கிடைப்பதில்லை. வாசலில் நின்று படம் எடுத்துத் திரும்புகிறவர்களே அதிகம். செட்டிநாட்டு வீட்டை அறிய அது போதவே போதாது.

முகப்பு ஊருக்கானது; எங்கேயும் அப்படித்தான். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் கம்பளி வணிகர் ஜியோவான்னி ருச்செல்லாய், தம் பழைய வீடுகளை மறைத்துப் புதிய கல் முகப்பு ஒன்றை எழுப்பினார். பக்கத்து வீடு கைக்கு வராததால் அதன் ஓரம் இன்றும் அரைகுறையாகவே நிற்கிறது. வட்டித் தொழில் நாணயத்தை நம்பி நடப்பது; வீட்டின் தோற்றமும் அந்த நாணயத்துக்குச் சாட்சி. பர்மா, இலங்கை, மலாயா என்று கடல்கடந்து வட்டித் தொழில் செய்யப் போன செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரும் இதை நன்றாக அறிந்திருந்தார்கள்.

ஆனால் வீட்டின் உயிர் உள்கட்டில்தான் இருக்கிறது. திண்ணையைக் கடந்தால் வானத்துக்குத் திறந்த வளவு. கூரை நீர் அங்கே இறங்கும். அண்டாக்களில் பிடித்து வைப்பார்கள். சுற்றிலும் அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் தனிப் பங்கு உண்டு. மனைவி கொண்டுவந்த சீர் சாமான்களும் அங்கேதான் இருக்கும். அடுத்தடுத்த கட்டுகளில் பந்தியும் சமையலும். ஒரு தெருவில் தொடங்கும் வீடு மறு தெருவில் முடியும். தேக்கு பர்மாவிலிருந்தும் பளிங்கு இத்தாலியிலிருந்தும் வந்தன. சுவரில் மின்னுவதோ உள்ளூர்க் கைத்திறம்: சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்துப் பூசிய பூச்சு. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணம் ஊற்றி, சிமெண்ட் சேர்த்து, நீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள்.

பணத்தின் கதையையும் சொல்ல வேண்டும். 1930களின் பொருளாதார மந்தத்தில் கடனைத் திருப்ப முடியாத பர்மிய உழவர்களின் வயல்கள் பெருமளவில் நகரத்தார் கைக்கு வந்தன. அந்த உழவர்களின் இழப்பையும் சேர்த்தே இந்த வீடுகளைப் பார்க்க வேண்டும். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியதும் எல்லாம் சிதறியது.

செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் உள்ளன. சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்துக்கொண்டன. பல பங்காளிகளுக்குச் சொந்தமான வீட்டில் ஓடு மாற்றக்கூட எல்லோரும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராத வீடுகள் பிரிக்கப்பட்டு, தூணும் கதவும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குத் தனித்தனியாக விலைக்குப் போகின்றன.