நீதி, இரக்கம், தாழ்மை (மீக்கா 6:8)

மீக்கா 6:8 என்பது எபிரேய விவிலியத்தின் பன்னிரு சிறு இறைவாக்கினர் நூல்களுள் ஒன்றான மீக்கா (மீகா) நூலில் உள்ள ஒரு வசனம் ஆகும். கடவுள் மனிதரிடம் எதிர்பார்ப்பது என்ன என்ற கேள்விக்கு நீதியைச் செய்தல், இரக்கத்தை நேசித்தல், கடவுளோடு தாழ்மையாக நடத்தல் என்னும் மூன்றை இது விடையாகத் தருகிறது. கிறித்தவ வாழ்வின் சுருக்கமாக இவ்வசனம் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. இம்மூன்றையும் மென்மையான தனிமனித நற்குணங்களாக மட்டும் கொள்வது வழக்கமாகிவிட்டது. நூலின் பின்னணியோ அதைவிடக் கடுமையான ஒன்றைச் சொல்கிறது.

பின்னணி

மீக்கா கி.மு. 8ஆம் நூற்றாண்டில் யூதா நாட்டில் வாழ்ந்தவர். எருசலேமுக்குத் தென்மேற்கே தாழ்குன்றுப் பகுதியில் இருந்த மோரேசேத்து அவரது ஊர். யோத்தாம், ஆகாசு, எசேக்கியா ஆகிய அரசர்களின் காலம் அது. வட நாடான இஸ்ரயேலின் தலைநகர் சமாரியா கி.மு. 722 அளவில் அசீரியரிடம் வீழ்ந்தது. கி.மு. 701இல் அசீரிய மன்னன் சனகெரிபு யூதாவுக்குள் புகுந்து இலாக்கிசு நகரைக் கைப்பற்றினான்.

எனினும் மீக்காவின் சினம் பெரும்பாலும் உள்நாட்டார் மீதே பாய்கிறது. இரவில் படுக்கையில் திட்டமிட்டு, விடிந்ததும் பிறரது வயலையும் வீட்டையும் பறித்துக்கொள்ளும் வலியவர்களை 2ஆம் அதிகாரம் சாடுகிறது. கையூட்டுக்குத் தீர்ப்புச் சொல்லும் தலைவர்கள், கூலிக்குப் போதிக்கும் குருக்கள், காசுக்குக் குறி சொல்லும் போலி இறைவாக்கினர் ஆகியோர் 3ஆம் அதிகாரத்தில் வருகின்றனர். 6:8ஐ அடுத்த சில வசனங்களிலேயே குறைந்த அளவை, கள்ளத் தராசு, பொய் எடைக்கற்கள் பற்றிய குற்றச்சாட்டு உள்ளது. வயலைப் பறிகொடுத்த உழவர் ஒருவர் இவ்வசனத்தைக் கேட்டிருந்தால், அதில் பொதுவான அறிவுரையை அல்ல, தமது வழக்கையே கண்டிருப்பார்.

6ஆம் அதிகாரம் வழக்கு விசாரணை போலவே அமைந்துள்ளது. மலைகள் சாட்சிகளாக அழைக்கப்படுகின்றன. குற்றம் சாட்டப்பட்டவர், எதைக் கொடுத்தால் கடவுள் மனம் நிறைவார் என்று கேட்கிறார். ஒரு வயதுக் கன்றுகளா, ஆயிரக்கணக்கான ஆட்டுக்கடாக்களா, ஆறாகப் பெருகும் எண்ணெயா, தம் தலைப்பிள்ளையா? ஏலம் போலத் தொகை ஏறிக்கொண்டே போகிறது. 8ஆம் வசனம் அந்த ஏலத்தையே நிறுத்திவிடுகிறது.

மூன்று சொற்கள்

நீதியைக் குறிக்கும் எபிரேயச் சொல் மிஷ்பாத். நீதிமன்றத் தீர்ப்பையும், ஒருவருக்குச் சேர வேண்டிய உரிமையையும் அது குறிக்கும். அதனுடன் வரும் வினை 'செய்' என்பதாகும். நீதியை மெச்சுவதோ விரும்புவதோ இங்கே கணக்கில் வராது.

இரக்கம் எனத் தமிழில் பெயர்க்கப்படுவது ஹெசெத். இம்மொழிபெயர்ப்பில் பாதிப் பொருள் மறைந்துவிடுகிறது. இரக்கம் என்றதும் மேலே இருப்பவர் கீழே இருப்பவர் மீது மனமிளகுவதுதான் நினைவுக்கு வரும். ஹெசெத்தோ உறவாலும் உடன்படிக்கையாலும் கட்டுண்டவர் காட்டும் கைவிடாத அன்பு. கணவனை இழந்த ரூத்து தன் மாமியார் நகோமிக்குக் காட்டிய பரிவும் ரூத்து நூலில் இச்சொல்லால் குறிக்கப்படுகிறது.

மூன்றாவது சொல்லின் வினைவடிவம் எபிரேய விவிலியத்தில் இவ்வோர் இடத்தில் மட்டுமே வருகிறது. ஆகவே தாழ்மை, அடக்கம், கவனம் எனப் பலவாறு அதற்குப் பொருள் கொள்ளப்படுகிறது. எப்படியாயினும் அது 'நடத்தல்' என்பதோடு இணைந்தே வருகிறது. தன்னைத்தானே இழித்துப் பேசுவது அன்று, அன்றாட நடையே இங்குப் பேசப்படும் தாழ்மை.

புதிய ஏற்பாட்டில்

மத்தேயு 23:23இல், புதினாவிலும் சீரகத்திலும் பத்திலொரு பங்கைக் கணக்காகச் செலுத்திவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிடுவோரை இயேசு கண்டிக்கிறார்.

நீதிக்கும் இரக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை லூக்கா 19ஆம் அதிகாரத்தின் சக்கேயு தெளிவாகக் காட்டுகிறார். எரிக்கோவின் வரிதண்டுவோருக்குத் தலைவரான அவர், உடைமையில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொல்கிறார். அது இரக்கம். ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொல்கிறார். அது நீதி. ஒன்றைச் செய்து மற்றதை அவர் ஈடுகட்டவில்லை. பறித்த நிலத்தின் விளைச்சலிலிருந்து ஏழைகளுக்கு உணவிடுபவர் நல்லவராகத் தோன்றலாம். நிலத்தைத் திருப்பித் தராதவரை, மீக்காவின் வழக்கு அவர்மீது அப்படியேதான் இருக்கும்.

வாழ்வில்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வாரன் ஹார்டிங் 1921இல் இவ்வசனத்தின் பக்கம் திறந்திருந்த விவிலியத்தின் மீது கைவைத்துப் பதவியேற்றார். அவரது அமைச்சரவையில் இருந்த ஆல்பர்ட் ஃபால், அரசின் எண்ணெய் வளங்களைக் குத்தகைக்கு விட்ட விவகாரத்தில் கையூட்டுப் பெற்றதற்காக 1929இல் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். வசனத்தைத் திறந்து வைப்பது எளிது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு நியூ ஜெர்சியைச் சேர்ந்த குவேக்கர் கிறித்தவர் ஜான் வூல்மன் (1720–1772). இளம் வயதில் கடையொன்றில் வேலை செய்தபோது, முதலாளி சொன்னபடி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்பதற்கான பத்திரத்தை எழுதிக் கொடுத்தார். அடிமை வைத்திருப்பது கிறித்தவத்துக்குப் பொருந்தாது என்று அப்போதே சொன்னார், ஆனாலும் எழுதினார். பின்னர் இத்தகைய பத்திரங்களையும், அடிமைகளைச் சொத்தாகப் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் உயில்களையும் எழுத மறுத்தார். அதனால் வருமானம் குறைந்தது.

பயணங்களில் அடிமை வைத்திருந்த வீடுகளில் தங்க நேர்ந்தபோது, தமக்குப் பணிவிடை செய்த அடிமைகளுக்குப் பணம் கிடைக்கச் செய்தார். அது அவருக்குப் பிச்சையாகப் படவில்லை, கூலியாகவே பட்டது. அடிமை உரிமையாளர்களை அவர் ஊரறியத் தூற்றவில்லை. வீடு தேடிச் சென்று, நேரில் அமர்ந்து பேசினார். தாம் பத்திரம் எழுதிய செயலைத் தமது நாட்குறிப்பில் மறைக்காமல் பதிந்து வைத்தார்.

1758இல் பிலடெல்பியா குவேக்கர்களின் ஆண்டுக் கூட்டம், அடிமை வைத்திருந்த உறுப்பினர்களைச் சந்தித்துப் பேச ஒரு குழுவை அமைத்தது. வூல்மன் அதில் இருந்தார். 1776இல் அக்கூட்டம் அடிமை வைத்திருப்பதையே தன் உறுப்பினர்களுக்குத் தடை செய்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே வூல்மன் இங்கிலாந்தின் யார்க் நகரில் பெரியம்மையால் இறந்திருந்தார்.