நான்கு நிமிடம் முந்தும் விண்மீன்

‘சைடீரியல்’ என்ற ஆங்கிலப் பெயரடை இன்று பேச்சில் காதில் விழுவது அபூர்வம். விண்மீனைக் குறிக்கும் ‘சீடுஸ்’ என்ற லத்தீன் சொல்லில் பிறந்தது. ‘விண்மீனுக்கு உரிய’ என்று பொருள். இப்போது கவிதையில்கூட அது ஜரிகை வேட்டி கட்டிக்கொண்டு வந்தது போலத்தான் தெரியும். ஆனால் ஜவ்வாது மலையில், ஆலங்காயத்தை அடுத்த காவலூரில், அது அன்றாட வேலைச் சொல்.

1968இல் இங்கே 38 செ.மீ. தொலைநோக்கியுடன் வானாய்வு தொடங்கியது. நிறுவியவர் வானியலாளர் வைணு பாப்பு. அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 ஜனவரியில் அவர் பெயரையே சூடியது. அதைப் பார்க்க அவர் இல்லை, 1982இல் மறைந்துவிட்டார். பூமி சுழலச் சுழல விண்மீன்கள் மேற்கே நழுவும். அந்த நழுவலுக்கு ஈடாகத் தொலைநோக்கியும் திரும்பவேண்டும். 1977 மார்ச் 10 அன்று ஒரு விண்மீனுக்குக் குறுக்கே யுரேனஸ் வந்தபோது, அதன் வளையங்கள் விண்மீன் ஒளியைச் சில வினாடிகள் மங்கச் செய்ததைக் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கி பதிவுசெய்தது. விண்மீன் பார்வையிலிருந்து நழுவியிருந்தால் அந்த வினாடிகள் போயே போயிருக்கும்.

எந்தக் கடிகாரப்படி திருப்புவது? நம் கைக்கடிகாரம் உதவாது. அது சூரியனுக்குக் கட்டுப்பட்டது; இங்கே வேண்டியது விண்மீனுக்குக் கட்டுப்பட்ட ‘சைடீரியல்’ கடிகாரம். பூமி தன்னைத்தானே ஒருமுறை முழுதாகச் சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 வினாடிதான் ஆகிறது. அதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையில் ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்துவிடுவதால், சூரியனை மறுபடி நேருக்கு நேர் பார்க்க இன்னும் ஒரு பாகை திரும்பவேண்டியிருக்கிறது. அதற்குத்தான் மிச்ச நான்கு நிமிடம். 365 பகல் கழிவதற்குள் பூமி 366 முறை சுற்றிவிடுகிறது! மார்கழியில் பொழுது சாயும்போது கிழக்கே எழும் திருவாதிரை, மாசியில் அதே நேரத்தில் உச்சியை நெருங்கி நிற்பதும் இந்தக் கணக்கால்தான்.

நம் பஞ்சாங்கமும் விண்மீன் பக்கம்தான். சூரியன் ஒரு விண்மீனை விட்டுப் புறப்பட்டு அதனிடமே திரும்பி வரும் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். பஞ்சாங்கம் பின்பற்றும் நிராயன முறை இந்த நீண்ட ஆண்டைப் பிடித்துக்கொண்டது. ஏறக்குறைய 1,500 ஆண்டுகளுக்கு முன் சம இரவு பகல் நாளை ஒட்டி வந்த சித்திரை 1, நூற்றாண்டுக்கு ஒன்றரை நாள் அளவில் தள்ளித் தள்ளி இன்று ஏப்ரல் 14க்கு வந்திருக்கிறது. அயனாம்சம் என்று சோதிடர்கள் சொல்வதும் இந்த இடைவெளியைத்தான். அவர்கள் பலன் சொல்வது வேறு கதை.

விண்மீன் நான்கு நிமிடம் முந்துவதைச் சோதிக்கத் தொலைநோக்கி வேண்டாம். மொட்டைமாடியில் ஓரிடத்தில் நின்று, எதிர்வீட்டுச் சுவருக்குப் பின்னே ஒரு விண்மீன் மறையும் நேரத்தைக் குறித்து வையுங்கள். மறுநாள் அதே இடத்துக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய் நில்லுங்கள்.