பிடித்துக்கொண்ட பிரேக் டிஸ்க்கை வீட்டிலேயே கழற்றுவது: ஒரு குறிப்பு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கப்போவதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி வந்த தாமிரபரணி ஆழ்வார்திருநகரிக்குள்ளும் புகுந்தது. தெருவில் நின்ற எங்கள் பழைய காரில் சீட் வரைக்கும் தண்ணீர். வடிந்த பிறகு ஒரு மாதம் வண்டி அப்படியே கிடந்தது. பொங்கல் கழிந்து ஒரு மெக்கானிக் அண்ணாச்சி வந்து என்ஜினைச் சரி பண்ணிக் கொடுத்தார். முன்சக்கர டிஸ்க் இரண்டும் குழி விழுந்து துருவேறி இருந்தது, மாற்றித்தான் ஆகணும். "அதை நானே பார்த்துக்கிடுதேன் அண்ணாச்சி" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். அம்மாவை வாராவாரம் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகணும், வாடகைக் காருக்குக் கொடுத்து மாளவில்லை. அந்த அவசரத்தில் வலது சக்கரத்தில் செய்த தப்பையும், இடது சக்கரத்தில் அதைத் திருத்திக்கொண்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் டிஸ்க் ஏன் பிடித்துக்கொள்கிறது என்று பார்ப்போம். பெரும்பாலான இன்றைய கார்களில் டிஸ்க் என்பது ஹப்பின் மேல் தொப்பி மாதிரி கவிழ்த்து வைத்த வார்ப்பிரும்பு. ஹப்பின் நடுவில் உள்ள வட்ட மேட்டில் அது இறுக்கமாக உட்காரும். கூட ஒன்றிரண்டு சின்ன ஸ்க்ரூ இருந்தாலும் உண்டு. மற்றபடி அதை இறுக்கிப் பிடிப்பது சக்கரத்தின் நட்டுதான். அந்த மெல்லிய இடைவெளியில் தண்ணீர் போய்த் துரு பிடித்தால், துரு தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலே இடம் கேட்கும். கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடித்தால் தூண் வெடிக்கிறதே, அதே கதைதான். அங்கே வெடிக்க இடம் இருக்கிறது, இங்கே இல்லை. அதனால் ஆப்பு வைத்தது போல இறுகிவிடுகிறது.

வலது பக்கம் நான் இதையெல்லாம் யோசிக்கவில்லை. காலிப்பரைக் கழற்றினேன், சுத்தியலை எடுத்தேன், டிஸ்க்கின் விளிம்பில் பின்பக்கமிருந்து அரை மணி நேரம் அடித்தேன். வந்தது. மறுநாள் ஓட்டிப் பார்த்தால் அந்தச் சக்கரத்தில் 'ஊ...' என்று ஒரு சத்தம். அண்ணாச்சியிடம் காட்டினேன். "அடிச்சா வரத்தான் செய்யும் தம்பி. பேரிங்கும் கூடவே போயிரும்லா" என்றார். சுத்தியல் அடி முழுவதும் பேரிங்கின் குண்டுகள் வழியாகத்தான் போகிறது. குண்டு உட்காரும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுந்தால் போதும், சத்தம் வந்துவிடும். புது பேரிங் போட்டேன். டிஸ்க் வாங்கியதைவிட அதற்கு ஆன செலவு கூட.

இடது பக்கம் செய்த முறை இது.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கணும். தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுவதைப் பார்த்து வளர்ந்த ஊர், இதைத் தனியாகச் சொல்ல வேண்டாம். எங்கள் ஆற்று மண்ணில் ஜாக்கி இறங்கும், அடியில் கனமான பனம்பலகை ஒன்று போட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பிச் சக்கரத்தின் பக்கம் உட்காரக் கூடாது, இரும்பு ஸ்டாண்டு கட்டாயம். செங்கல் அடுக்குவது வேண்டவே வேண்டாம், நொறுங்கும்.

காலிப்பரைக் கழற்றியதும் அதை பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைக்கணும். அடுத்து காலிப்பர் உட்காரும் பிராக்கெட்டின் இரண்டு போல்ட். டிஸ்க்கின் முகத்தில் ஸ்க்ரூ இருந்தால் அதையும் எடுக்கணும். சாதாரண ஸ்க்ரூ டிரைவரில் தலை வழுக்கும். சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பேக்ட் டிரைவர்தான் அதற்குச் சரி.

பிறகு நடு மேட்டைச் சுற்றியும் சக்கர போல்ட்டுகளைச் சுற்றியும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் டிஸ்க்கின் தட்டையான நடுமுகத்தில், போல்ட்டுகளுக்கு இடையில், மரக்கட்டை வைத்து லேசாகத் தட்டினேன். இது கழற்றுவதற்கான அடி இல்லை. துருவில் விரிசல் விட்டு எண்ணெய் உள்ளே இறங்குவதற்கு.

அந்த நடுமுகத்தில் மரை வெட்டிய இரண்டு துளைகள் எதிரெதிரே இருக்கும். பலர் அவற்றைக் கவனிப்பதே இல்லை. பெரும்பாலும் 8 மில்லிமீட்டர் போல்ட் சேரும். போல்ட்டைத் திருகினால் அதன் நுனி ஹப்பை மிதித்து டிஸ்க்கை வெளியே தள்ளும். ஒரு சாண் நீள ஸ்பேனரை 10 கிலோ விசையில் இழுத்தால் ஒரு போல்ட்டே ஏறக்குறைய ஒரு டன் தள்ளும். சுத்தியல் போல அதிர்ச்சி இல்லை, பேரிங்குக்குக் கேடு இல்லை. இதில் அரைத் திருகு, அதில் அரைத் திருகு என்று மாற்றி மாற்றிப் போகணும். ஒரே பக்கம் திருகினால் டிஸ்க் சாய்ந்து இன்னும் இறுகும். நாலைந்து சுற்றில் 'டக்' என்று ஒரு சத்தம், கையோடு வந்துவிட்டது.

துளையில் மரை போயிருந்தால், பிராக்கெட் போல்ட்டின் துளை வழியாக நீளமான போல்ட்டும் நட்டும் போட்டு, டிஸ்க்கின் பின்பக்கத்தைத் தள்ளலாம். கொஞ்சம் தள்ளி, டிஸ்க்கைத் திருப்பி, மறுபடி தள்ளணும். சில பழைய கார்களில் டிஸ்க் ஹப்புக்குப் பின்னால் போல்ட் போட்டிருக்கும். அது வீட்டு வேலை இல்லை, விட்டுவிடுங்கள். எண்ணெய் விட்ட இடத்தில் கேஸ் நெருப்பைக் காட்டவும் கூடாது. சில பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும், அது நெருப்பில் பட்டால் விஷவாயு ஆகும்.

கழன்றதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். ஹப்பின் முகத்தில் மிஞ்சிய துருவைக் கம்பி பிரஷ், உப்புத்தாள் போட்டு வெறும் இரும்பு தெரியும்வரை தேய்க்கணும். அங்கே ஒரு தாளின் கனத்துக்குத் துரு இருந்தாலும், டிஸ்க்கின் விளிம்பில் அது பெரிய ஆட்டமாகி பிரேக் பெடலில் உதறலாக வரும். புது டிஸ்க்கில் பூசியிருக்கும் எண்ணெயையும் கிளீனரால் துடைத்துவிட்டுத்தான் மாட்டணும். வெள்ளத்தில் நின்ற வண்டி என்பதால் பிரேக் ஆயிலையும் முழுக்க மாற்றினேன். அது ஈரத்தை இழுக்கும், ஈரம் சேர்ந்தால் சூட்டில் கொதித்து பிரேக் பிடிக்காது.

எல்லாம் மாட்டி, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சில் இறுக்கி, வண்டியை நகர்த்தும் முன்பே பெடல் கெட்டியாகும்வரை மிதித்தேன். இதை மறந்தால் முதல் மிதிப்பு வெறுமனே உள்ளே போகும். தெருவில் மெதுவாகப் பத்துத் தடவை ஓட்டி நிறுத்திப் பார்த்தேன்.

அடுத்த வாரம் கருங்குளம், செய்துங்கநல்லூர் வழியாக அம்மாவைப் பாளைக்குக் கூட்டிப்போனேன். வழியில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. மிதித்த இடத்தில் வண்டி நின்றது. அம்மா தூக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை.