சின்னப் பற்றரி செத்தால் பெரிய பற்றரிக்கு வேலையில்லை!

எங்கள் ஊர் வீதிகளில் பிரியஸ், அக்குவா என்று எத்தனை ஹைபிரிட் கார்களைக் காண்கிறோம்! பெற்றோலிலும் ஓடும், மின்சாரத்திலும் ஓடும், சத்தமும் இல்லை. ஆனால் அதை ஓடாமல் கனநாள் விட்டால் என்ன நடக்கும் தெரியுமோ? எங்கள் மாமா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கோ.

2022 ஆம் ஆண்டு வந்த பெற்றோல் தட்டுப்பாடு எல்லாருக்கும் நினைவிருக்கும். கியூவில நிண்டு களைச்சுப் போன மாமா, தன் ஹைபிரிட் காரைக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டுச் சைக்கிளில் திரிந்தார். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தோறும் காருக்குள் ஏறி, பட்டனை அழுத்தி, பத்து நிமிசம் ரேடியோ கேட்டுவிட்டு நிற்பாட்டுவார். "பற்றரிக்குச் சார்ஜ் ஏறவேணும் தம்பி" என்பார். நானும் பக்கத்துச் சீற்றில் இருந்து பாட்டுக் கேட்டிருக்கிறேன். கியூஆர் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் கிடைக்கத் தொடங்கியபோது போய்ப் பார்த்தால், கார் அசையவில்லை. கதவுகூடத் திறக்கவில்லை.

வந்து பார்த்த மெக்கானிக் ஒருவர், ஒன்றையும் அளந்து பாராமலே, "ஹைபிரிட் பற்றரி போட்டுது, இலட்சக்கணக்கில முடியும்" என்றார். மாமாவின் கையில் இருந்தது அக்காவின் படிப்புக்காகச் சேர்த்த காசு மட்டும்தான். மாமி அன்றைக்குச் சமைக்கவே இல்லை. காரை வந்த விலைக்கு விற்கலாமோ என்றுகூட யோசித்தார்கள்.

இரண்டு நாள் கழித்து அப்பாவின் நண்பர் ஒருவர் மல்ரிமீற்றரோடு வந்தார். அவர் அளந்தது பெரிய பற்றரியை அல்ல, 12 வோல்ற் சின்னப் பற்றரியை. நல்ல பற்றரி என்றால் 12.6 அளவில் காட்டவேண்டும். இது 7 கூடக் காட்டவில்லை. "இவர்தான் ஆள்" என்று சிரித்தார்.

ஹைபிரிட் காரில் இரண்டு பற்றரிகள் உண்டு. பெரியது காரை ஓட்டுவதற்கு. 2003 இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் 1.2 வோல்ற் கலங்கள் 168 தொடராக இணைக்கப்பட்டிருக்கும். பெருக்கிப் பாருங்கோ, 201.6 வோல்ற்! இவ்வளவு பெரிய அழுத்தம் எந்நேரமும் வயரில் இருந்தால் ஆபத்து. ஆகவே காரை நிற்பாட்டியதும் ரிலே என்ற சுவிட்சுகள் பெரிய பற்றரியைத் துண்டித்துவிடும். எங்கள் பாடசாலை மின்மணியில் உள்ளதுபோல ரிலேயிலும் ஒரு மின்காந்தம் இருக்கிறது. அதை இழுக்க மின்சாரம் வேண்டும். அதைக் கொடுப்பது சின்னப் பற்றரி! கொம்பியூட்டர், கதவுப் பூட்டு எல்லாவற்றுக்கும் அதுதான். பெட்டகம் நிறையக் காசு, ஆனால் திறப்பு இல்லை, அந்த நிலைதான் மாமாவின் காருக்கு.

சரி, நின்ற காரில் சின்னப் பற்றரி ஏன் இறங்கியது? கார் தூங்கினாலும் அலாரம், மணிக்கூடு, திறப்பின் சிக்னலைத் தேடும் கருவி என்பன தூங்காது. சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டே இருக்கும். ஈய அமிலப் பற்றரி தானாகவும் கொஞ்சம் இறங்கும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேற்று கட்டியாகிவிடும். பிறகு சார்ஜ் ஏற்றினாலும் பழைய பலம் வராது.

இதைவிடப் பெரிய காரணம் மாமாவின் ஞாயிற்றுக்கிழமை ரேடியோ! பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் ரேடியோ பாடும், லைற் எரியும், ஆனால் கார் உண்மையில் ஸ்டார்ட் ஆகாது. எல்லாம் சின்னப் பற்றரியில்தான் ஓடும். பிரேக்கை மிதித்து அழுத்தினால் மட்டுமே 'ரெடி' என்ற எழுத்து வரும். அப்போதுதான் பெரிய பற்றரி இணைந்து, அதன் அழுத்தத்தைக் குறைத்துச் சின்னதுக்குச் சார்ஜ் கொடுக்கும். மாமா நிரப்புவதாக நினைத்துக் கிழமைக்குக் கிழமை காலியாக்கியிருக்கிறார். (நான் கேட்ட பாட்டுக்கும் அதில் பங்கு உண்டு!)

அன்று என்ன செய்தோம்? வேறு காரின் 12 வோல்ற் பற்றரியில் இருந்து வயர் கொடுத்தோம். சிவப்பு வயர் நேர் முனையில் இருந்து நேர் முனைக்கு. கறுப்பு வயர் நல்ல பற்றரியின் மறை முனையில் இருந்து, செத்த காரின் பெயின்ற் இல்லாத இரும்புப் பகுதிக்கு. மாறிக் கொடுத்தால் பியூஸ் மட்டுமல்ல, விலை கூடிய மின்னணுப் பாகங்களும் எரியலாம். செம்மஞ்சள் நிற வயர்களைத் தொடவே கூடாது, அதுதான் உயர் அழுத்தம். சில நிமிசம் பொறுத்து, பிரேக்கை மிதித்து அழுத்தினார் மாமா. 'ரெடி' வந்தது! எஞ்சினைச் சுழற்றுவது பெரிய பற்றரியின் வேலை என்பதால் சின்னதில் இருந்து கொஞ்ச மின்சாரமே போதுமாம். பழைய சின்னப் பற்றரி பிறகும் சார்ஜ் பிடிக்கவில்லை, மாற்றவேண்டி வந்தது. ஆனால் அக்காவின் காசில் கை வைக்கத் தேவைப்படவில்லை.

உங்கள் வீட்டிலும் மாற்றுவதென்றால் கவனம். இரண்டாம் தலைமுறைப் பிரியஸில் இந்தப் பற்றரி பொனற்றுக்குள் இல்லை, பின்னால் டிக்கியின் ஓரத்தில் இருக்கிறது. ஆட்கள் இருக்கும் பகுதிக்குள் வாயு பரவக்கூடாது என்பதால், வாயுவை வெளியே விடும் குழாய் பூட்டக்கூடிய வகைதான் போடவேண்டும். இன்னொரு வேடிக்கை, டிக்கிக் கதவும் மின்சாரத்தில்தான் திறக்கும்! பற்றரி செத்தால் உள்ளால் ஊர்ந்து போகவேண்டும், அல்லது பொனற்றுக்குள் பியூஸ் பெட்டியில் இருக்கும் நேர் முனையில் வயர் கொடுக்கலாம். முன்கதவுக்குப் பயமில்லை, ரிமோட்டுக்குள்ளேயே ஒரு சின்னத் திறப்பு ஒளிந்திருக்கிறது.

பெரிய பற்றரிக்காக, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது 30 நிமிசம் அல்லது 16 கிலோமீற்றர் ஓடச் சொல்கிறது பிரியஸின் கைநூல். சின்னதுக்கு அந்த இடைவெளி போதாது. மாமா இப்போது கிழமைக்கு ஒருமுறை 'ரெடி'யில் ஒரு மணித்தியாலம் விடுகிறார், ரிமோட்டையும் காருக்குக் கிட்ட வைப்பதில்லை. ரேடியோ கேட்பது வீட்டுக்குள்தான்.