நெம்புருளின் நேரக் கணக்கு

பழைய அமெரிக்க மகிழுந்துகளைப் பேணுவோர், பொறியின் திறனைக் கூட்ட எண்ணியதும் முதலில் கைவைக்கும் உறுப்பு, வால்வுகளைத் திறந்து மூடும் நெம்புருள்தண்டு. பட்டறையில் அதற்குக் கேம்ஷாஃப்ட் என்று பெயர். அதை மாற்ற உருளைகளைக் கடைய வேண்டியதில்லை. பொறியை ஊர்தியிலிருந்து இறக்கவும் வேண்டியதில்லை. ஆனாலும் பொறியின் இயல்பையே புரட்டிப்போடும் ஆற்றல் அந்த ஒரு தண்டுக்கு உண்டு. அதனால்தான் பிழையாகத் தேர்ந்தெடுக்கப்படுவதும் மிகுதி. அப்பிழை ஏறக்குறைய எப்போதும் ஒரே திசையில் நேர்கிறது: தேவைக்கு மீறிய தண்டு.

செவ்ரோலேயின் ஸ்மால் பிளாக் வி-8 பொறியையே எடுத்துக்கொள்வோம். 1955ஆம் ஆண்டு ஊர்திகளில் 265 கன அங்குலக் கொள்ளளவோடு பிறந்து, 283, 327 என வளர்ந்து, 1967இல் 350 கன அங்குலத்தை, அதாவது 5.7 லிட்டரை, எட்டிய பொறி அது. 1956 சனவரியில் பொறியாளர் சோரா ஆர்க்கஸ்-டன்டோவ், புளோரிடாவின் டேட்டோனா கடற்கரை மணலில் ஒரு கார்வெட்டை மணிக்கு 150 மைலுக்கு மேல் ஓட்டிக் காட்டினார். அந்த ஓட்டத்துக்கென அவர் வடிவமைத்த நெம்புருள்தண்டு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வால்வை உயரத் தூக்குவதைவிட நெடுநேரம் திறந்துவைப்பதிலேயே அவர் கருத்துச் செலுத்தினார். அங்கேதான் இந்தக் கலையின் நுட்பமும் இடரும் ஒருங்கே இருக்கின்றன.

நான்கு வீச்சுப் பொறியில் வணரித்தண்டு (கிராங்க்ஷாஃப்ட்) இருமுறை சுழல, நெம்புருள்தண்டு ஒருமுறை சுழலும். வால்வு திறந்திருக்கும் காலத்தை வணரித்தண்டின் பாகைகளில் அளப்பது மரபு. பிஸ்டன் மேலிருந்து கீழிறங்க 180 பாகை போதும் என்றாலும், எந்தப் பொறியும் உள்ளிழு வால்வை அதோடு மூடுவதில்லை. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓர் உறிஞ்சு வீச்சுக்குக் கிடைப்பது ஆயிரத்தில் ஐந்து நொடி மட்டுமே. அவ்வேகத்தில் விரைந்து வரும் கலவை, பிரேக் பிடித்த பேருந்தில் முன்னால் சாயும் பயணிபோல, பிஸ்டன் திரும்பி மேலேறத் தொடங்கிய பின்னும் உருளைக்குள் நுழைந்துகொண்டே இருக்கும். வால்வைத் தாமதித்து மூடினால் அதையும் சேர்த்து அடைத்துவிடலாம், திறன் கூடும்.

குறைந்த வேகத்தில் அந்த உந்தம் இல்லை. அப்போது மேலேறும் பிஸ்டன், உள்ளே வந்த கலவையை வந்த வழியே வெளியே தள்ளிவிடும். வால்வு மூடிய பிறகே உண்மையான அமுக்கம் தொடங்குகிறது. 350 பொறியின் வீச்சு 88.4 மில்லிமீட்டர். கீழ்முனையைக் கடந்து 60 பாகையில் வால்வு மூடினால், அதில் 71 மில்லிமீட்டர் அமுக்கத்துக்கு எஞ்சும். 75 பாகையில் மூடினால் 62 மில்லிமீட்டர்தான். ஏட்டில் 9க்கு 1 என்றிருக்கும் அமுக்க விகிதம், முதல் நிலையில் ஏறத்தாழ 7.5 ஆகவும், இரண்டாவதில் 6.6 ஆகவும் சுருங்கிவிடும். பதினைந்து பாகைக்கு இவ்வளவு விலை! நெம்புருள்தண்டின் குறிப்புச்சீட்டில் நான் முதலில் தேடுவது, உள்ளிழு வால்வு மூடும் அந்த ஒரு புள்ளியைத்தான். விற்பவர்கள் பெரிய எழுத்தில் அச்சிடுவதோ வேறு எண்களை.

விளம்பரத்தில் காணும் திறப்புக் காலத்தை அப்படியே நம்பி இரு தண்டுகளை ஒப்பிடவும் இயலாது. வால்வு எவ்வளவு எழுந்ததும் 'திறந்தது' என்று கொள்வது என்பதில் செய்வோர் ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. ஆகவே நெம்புருளின் அசைவை வால்வுக்குக் கடத்தும் தள்ளி 0.050 அங்குலம், அதாவது 1.27 மில்லிமீட்டர், எழும் இடத்திலிருந்து அளந்த எண்ணையே கேட்டு வாங்க வேண்டும். அவ்வளவையின்படி, பல ஆண்டுகள் எளிய 350 பொறிகளில் இருந்த ஆலைத் தண்டு உள்ளிழு வால்வுக்கு 194 பாகை, வெளியேற்று வால்வுக்கு 202 பாகை கொண்டது. 1965இல் 327 பொறியில் வந்த எல்79 தண்டு இரண்டுக்கும் 222 பாகை. அப்பொறிக்கு 350 குதிரைத்திறன் என்று அறிவித்தார்கள். துணைக்கருவிகள் எவையும் இல்லாமல் அளக்கும் அக்காலக் கணக்கு அது. கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். ஆனால் அந்தத் தண்டுக்குத் துணையாக 11க்கு 1 அமுக்க விகிதம் இருந்தது. 1970களின் நடுவில் வந்த, 8.5 விகிதமுள்ள 350 பொறியில் அதே தண்டைப் பொருத்தினால், கீழ்வேக முறுக்குவிசை காணாமற் போகும். பழைய புகழை வாங்கலாம். அதன் அமுக்கத்தையும் கூடவே வாங்க வேண்டும்.

அடுத்தது இணைத்திறப்பு: வெளியேற்று வால்வு மூடுமுன்னே உள்ளிழு வால்வு திறந்து, இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் இடைவெளி. இரு நெம்புருள்களும் விளம்பரக் கணக்கில் 280 பாகை கொண்டிருக்க, அவற்றின் உச்சிகளுக்கு இடையே உள்ள கோணம் 110 பாகையானால் இணைத்திறப்பு 60 பாகை. 114 ஆனால் 52. வெற்றோட்டத்தில் இந்த இடைவெளி வழியே எரிந்த வளி உள்ளிழு குழாய்க்குள் பின்வாங்கிப் புதுக்கலவையைக் கெடுக்கிறது. உருளைகள் ஒழுங்கற்று எரிகின்றன. பலர் மயங்கிக் கேட்கும் அந்தத் தடுமாறும் உறுமல் உண்மையில் அரைகுறை எரிதலின் ஓசை. அதற்காகவே தண்டு வாங்குவோரை நான் குறை சொல்லவில்லை. இன்பத்துக்கு விலை உண்டென்று தெரிந்து வாங்கினால் சரி. அந்த விலையில் பிரேக்கும் அடங்கும். ஆலைத் தண்டுள்ள பொறி வெற்றோட்டத்தில் 18 முதல் 20 அங்குலப் பாதரச வெற்றிடம் தரும். மிகப் பெரிய தண்டில் அது 10 அங்குலத்தை ஒட்டி இறங்கிவிடலாம். பிரேக்கின் விசைப்பெருக்கி அந்த வெற்றிடத்தை நம்பியே இயங்குகிறது. நெரிசலில் அடுத்தடுத்து மிதிக்கும்போது மிதி கல்லாய் நிற்கும்.

இனி ஊர்தியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பின்னச்சின் பற்சக்கர விகிதம் 3.08, சக்கர விட்டம் 26 அங்குலம் என்றால், மணிக்கு 100 கிலோமீட்டரில் பொறி சுழல்வது நிமிடத்துக்கு ஏறத்தாழ 2500 சுற்று. "2500 முதல் 6500 வரை" என்று பட்டியல் புகழும் தண்டு, நெடுஞ்சாலையில் அப்போதுதான் கண்விழிக்கிறது. விகிதத்தை 3.73 ஆக்கினால் 3000 சுற்று கிடைக்கும். இரைச்சலும் எரிபொருள் செலவும் உடன் வரும். தெருவில் ஓடும், 9 அமுக்க விகிதமுள்ள, தானியங்கிப் பல்லிணையுடைய 350 பொறிக்கு, 0.050 அங்குல அளவையில் 210இலிருந்து 220 பாகைக்குள், 112 பாகை உச்சிக்கோணத்தோடு ஒரு தண்டு போதும் என்பேன். இரண்டு தண்டுகளுக்கு இடையே மனம் ஊசலாடினால், சிறியதே என் விடை.

தண்டோடு புதுத் தள்ளிகளும் அதற்கேற்ற சுருள்வில்களும் வாங்க வேண்டும் என்பதைச் சொல்லவே தேவையில்லை. தட்டைத் தள்ளி வகையா, உருளி வகையா என்பதே இன்றைய பெரிய கேள்வி. தட்டைத் தள்ளியின் முகம் உண்மையில் தட்டையன்று. மிக நுண்ணிய குவிவு உடையது. நெம்புருளிலும் சிறு சரிவு உண்டு. இவ்விரண்டும் சேர்ந்து தள்ளியைச் சுழலவைக்கின்றன. சுழலாத தள்ளி நெம்புருளைத் தின்றுவிடும். அங்கே உலோகத்தைக் காத்துவந்தது எண்ணெயிலிருந்த துத்தநாக-பாசுவரச் சேர்மம். பாசுவரம் புகைத்தூய்மிகளின் வினையூக்கியைக் கெடுப்பதால், 2004இல் வந்த தரவரையறை, இலேசான பெட்ரோல் பொறி எண்ணெய்களில் அதை 0.08 விழுக்காட்டுக்குள் அடக்கியது. செவ்ரோலே 1987இலேயே இப்பொறிக்கு உருளித் தள்ளிகளைக் கொடுக்கத் தொடங்கிவிட்டது. பழைய பொறிக்கும் அவ்வகை கிடைக்கிறது. விலை கூடுதல்தான், வேறெங்கேனும் மிச்சம்பிடித்தாவது அதை வாங்குவது நன்று.

தட்டைத் தள்ளியே போதும் என்று முடிவெடுப்பவர், அச்சேர்மம் நிறைந்த எண்ணெயை ஊற்றி, நெம்புருள்களில் பசை தடவி, பொறி உயிர்பெற்ற கணமே 2000 முதல் 2500 சுற்றுக்கு உயர்த்தி, இருபது முப்பது நிமிடம் வேகத்தைச் சற்றே ஏற்றியிறக்கி ஓட்ட வேண்டும். இப்பொறியில் நெம்புருள்களை நனைப்பது, வணரித்தண்டு சுழலும்போது வீசியெறியும் எண்ணெய். வெற்றோட்டத்தில் அவ்வீச்சு போதாது. ஆதலால் காபரேட்டரில் எரிபொருளை நிரப்பி, தீப்பொறியின் நேரத்தையும் சரிபார்த்த பின்னரே முதன்முறை சாவியைத் திருப்ப வேண்டும்.